பிடியரிசியும் பிள்ளை மனமும்

பெங்களூரில் அல்சூரை அடுத்து இருக்கிறது மர்பி டவுன். கன்டோன்மென்ட் காலத்தில் இதற்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். எளிய மக்களுக்காக இங்கே வீடுகளை அமைத்த மர்பி என்ற பொறியாளரின் பெயர் பின்னாளில் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை முகாம் வந்தபோது மெட்ராஸ் படைப்பிரிவுகள் வந்தன. அவர்களுக்குச் சமைக்கவும் துவைக்கவும் கட்டடம் கட்டவும் பிழைப்புத் தேடி வந்தவர்களோடு தமிழும் இந்தப் பக்கம் குடியேறியது. அவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். இன்றும் இந்தத் தெருக்களில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தமிழில் செபமாலையோ கீர்த்தனையோ காதில் விழும்.

வீட்டு ஜெபத்தின் கடைசிப் பகுதி பெரும்பாலும் கடைக்குட்டிக்கு உரியது. "இயேசப்பா, ஏழைங்களுக்கெல்லாம் சாப்பாடு குடுங்க, தாத்தா கால்வலி சரியாகணும், ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பிள்ளை தட்டைத் தேடி ஓடும். மறுநாள் காலை பள்ளி வேனுக்கு ஓடும்போது, வழியில் கை நீட்டும் ஒரு பெரியவரைச் சுற்றிக்கொண்டு அதே பிள்ளை போய்விடும். பிள்ளைமேல் குற்றமில்லை. ஏழைகள் என்பவர்கள் ஜெபத்தில் வருகிறவர்கள் என்று அது நினைத்திருக்கிறது. இரவு சொன்ன ஜெபத்தைக் காலைத் தெருவரைக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பது பக்தியுள்ள பெற்றோர் பலரின் உண்மையான கவலை.

இதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலேயே ஒரு பழைய விடை உண்டு. அது இருக்கும் இடம் அடுக்களை.

உலை கொதிக்கும் நேரம். களைவதற்கு முன் முறத்திலிருந்தோ படியிலிருந்தோ ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுத்தாய். இதுதான் பிடியரிசி. வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். அங்கே விற்றுக் காசாக்கி ஊழியத்துக்கோ ஏழைகளுக்கோ கொடுப்பார்கள். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, உள்ளூர் மக்களின் கையையும் காசையும் கொண்டே பணி நடக்க வேண்டும் என்று அதன் முன்னோடிகள் உறுதியாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன அவர், தோரணக்கல் வட்டாரத்தின் மிக ஏழைச் சபைகளிலும் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்தார். கூலி வேலைக்குப் போன பெண்களிடம் காசு இல்லை, அரிசி இருந்தது. மிசோரம் மலைகளிலும் இதே வழக்கம் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையின் வருமானத்தில் இந்தப் பிடியரிசி ஒரு தூண்.

குழந்தை வளர்ப்பின் கண்ணோடு பார்த்தால் இதில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. அரிசி சமைப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. அதாவது கொடுப்பது முதலிலிருந்து வருகிறது, மிச்சத்திலிருந்து வருவதில்லை. அடுத்து, இது தினமும் நடக்கிறது. பண்டிகைக்கு ஒருமுறை மனம் உருகிக் கொடுப்பதைவிட, அழாமல் தினமும் கொடுப்பது பிள்ளையின் உடம்பில் ஊறும். மூன்றாவது, யாரும் கைதட்டுவதில்லை. அடுப்பு பற்றவைப்பதைப் போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

இன்றைக்குக் குக்கரில் சமைக்கும் நகரத்து வீட்டிலும் இதைச் செய்யலாம். அரிசி அளக்கும் டம்ளரைத் தொடும் முன் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் கையாலேயே ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடச் சொன்னால் போதும். ஐந்து வயதுப் பிள்ளையின் பிடியில் ஏறக்குறைய 25, 30 கிராம் அரிசி இருக்கும். மாதம் முடியும்போது முக்கால் கிலோவுக்கு மேல் சேரும். பெரிய அளவில்லைதான். ஆனால் டப்பா கனக்கும்போது அந்தக் கனத்தைப் பிள்ளையே தூக்கிப் பார்க்கிறது. அது யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பதைப் பிள்ளையும் கூடப் போய்ப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் முகம் தெரியாவிட்டால் பிடியரிசியும் இன்னொரு காணிக்கைக் கவராகிவிடும்.

கத்தோலிக்கர்களிடமும் இதன் சாயல் உண்டு. 1843-ல் பிரான்சில் ஆயர் ஷார்ல் தெ ஃபோர்பின்-ஜான்சன் குழந்தைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். நாளுக்கு ஒரு சிறிய செபம், மாதத்துக்கு ஒரு காசு, இரண்டும் வேறு நாட்டுக் குழந்தைகளுக்காக. நம்முடைய பங்குகளில் இருக்கும் பாலர் சபை அதன் வழி வந்தது. பெரியவர்கள் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கட்டும் என்று ஆயர் விட்டுவிடவில்லை. குழந்தைக்குக் குழந்தைதான் உதவ வேண்டும் என்றார். பிள்ளையை உதவி பெறுகிறவராக மட்டும் பார்த்த காலத்தில் அது பெரிய எண்ணம்.

இந்த இடத்தில் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்லது செய்த பிள்ளைக்கு உடனே சாக்லேட்டும் ஸ்டிக்கரும் தருவது இப்போது ஞாயிறு பள்ளி வரைக்கும் பரவியிருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைகளின் முன்னால் பெரியவர் ஒருவர் பொருளைத் தவறவிட்டு எடுக்க முடியாமல் தவித்தால், பல குழந்தைகள் யாரும் சொல்லாமலேயே எழுந்து போய் எடுத்துக் கொடுத்தன. அவர்களின் 2008 ஆய்வு இன்னும் முக்கியமானது. உதவியதற்காகப் பொம்மை பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்றவுடன் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. இரக்கம் பிள்ளைக்குள் முன்பே இருக்கிறது. அதற்கு விலை கட்டினால் அது பின்வாங்குகிறது. பரிசு கொடுக்கும் ஆசிரியர்களின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனாலும் இந்தப் பழக்கத்தை அவர்கள் கைவிடுவது நல்லது.

கதை சொல்வதற்கு வருவோம். நல்ல சமாரியன் கதை தெரியாத கிறிஸ்தவப் பிள்ளை கிடையாது. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் குருவும் லேவியனும் விலகிப் போனார்கள், அயலான் என்று ஒதுக்கப்பட்டவன் நின்றான். இதை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளை கேட்கும். ஆனால் கேட்டதால் மட்டும் நின்றுவிடுமா?

1973-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் செய்த சோதனை ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது. மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு பேச்சு பேச வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதைதான். வழியில் ஒரு வாசற்படியோரம் ஒருவர் தலை கவிழ்ந்து இருமிக்கொண்டு கிடப்பார். சிலரிடம் "நேரம் இருக்கிறது, மெல்லப் போகலாம்" என்றும், சிலரிடம் "ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். ஓடச் சொல்லப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அவசரம் செய்தது.

பெங்களூரில் வாழும் குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு இல்லை. பழைய மெட்ராஸ் ரோட்டு நெரிசலில் பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஆலயத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கிற வாழ்க்கை இது. "நடடா, லேட்டாச்சு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும் அந்த நொடியில், குருவும் லேவியனும் ஏன் நிற்கவில்லை என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஞாயிறு ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிற குடும்பம், வழியில் யாரிடமாவது நின்று பேச முடிந்த குடும்பம். ஆலய வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் காசைப் போட்டுவிட்டு நகராமல், "என்னம்மா, முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க நேரம் வேண்டும். கேட்கும்போது பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும்.

நேரம் இருந்தாலும் இன்னொரு தடை உண்டு, அது வெட்கம். ஏமி கார்மைக்கேல் என்ற பெயர் தோனாவூரோடு சேர்ந்தே நமக்குத் தெரியும். அவர் 1895-ல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் இறங்கி வாழ்ந்த ஊர் பெங்களூர்தான். பிறகு திருநெல்வேலிப் பக்கம் போய், ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தோனாவூரில் அம்மாவாக இருந்தார். அவரது வாழ்க்கையின் திருப்பம் நடந்தது ஊர்விட்டு வருவதற்கு முன்பே, 1885-ல், பெல்ஃபாஸ்ட் நகரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து தம்பிமாரோடு திரும்பும்போது, கனத்த மூட்டையோடு தடுமாறி வந்த கிழவி ஒருத்தியைக் கண்டார்கள். மூட்டையை வாங்கிக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள். அந்நேரம் பார்த்து ஆலயத்திலிருந்து மற்றக் கனவான்களும் அதே வழியில் வந்தார்கள். கந்தல் உடுத்தவளோடு நடப்பதை அவர்கள் பார்க்கிறார்களே என்று பிள்ளைகளுக்கு முகமெல்லாம் சிவந்தது. பிற்காலத்தில் ஏமி இதை ஒளிக்காமல் எழுதினார். உதவிக்கொண்டே வெட்கப்பட்டோம் என்று.

இந்த வெட்கத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே இல்லை. வகுப்பில் யாரும் சேர்க்காத பையனோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை பயப்படுவது இயல்பு. "பயப்படாதே" என்று அதட்டுவதைவிட, "பயம் வரும் கண்ணு, எனக்கும் வரும், வந்தாலும் போய் உட்காரு" என்று சொல்கிற அப்பா உதவியாக இருக்கிறார்.

பயந்துகொண்டே நல்லது செய்த அப்பா ஒருவரைக் கொல்லிமலையில் பார்க்கலாம். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் அங்கே மலைவாழ் மக்களிடம் பணியாற்றினார்கள். 1914-ல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால். பாலுக்கு ஏழு வயது அளவில் ஒருநாள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தொழுநோயால் கைகால் விரல்கள் குறைந்து, புண்களோடு இருந்தார்கள். பாலையும் தங்கை கோனியையும் கிட்டே வரக் கூடாதென்று அம்மா தடுத்துவிட்டார். எத்தனையோ புண்களை வெறுங்கையால் கழுவிய அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து, அந்தப் பாதங்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். வந்தவர்களுக்கு அம்மா கூடையில் பழம் கொடுத்தார். அப்பாவின் முகத்தில் இருந்த பயத்தையும் பிள்ளைகள் பார்த்தார்கள், அவர் கைகள் செய்த வேலையையும் பார்த்தார்கள்.

அந்தப் பால் பிராண்டுதான் 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தார். தொழுநோய் எளிதில் தொற்றுவதில்லை என்றும், விரல்கள் தேய்வது உணர்ச்சி மரத்துப்போனதால் ஏற்படும் காயங்களால் என்றும் அவரது ஆராய்ச்சி விளக்கியது. அப்பாவின் கையுறைக்குப் பின்னால் இருந்த பயத்தில் பெரும்பகுதி அறியாமையிலிருந்து வந்தது என்பதை மகன் கண்டுபிடித்தார். அம்மா ஈவ்லின் ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகு மலைக்கே திரும்பி, 95 வயதில் 1974-ல் இறக்கும்வரை மலையூர்களிலேயே இருந்தார். இப்போது கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோய் முழுதாகக் குணமாகிறது. பெங்களூர் மாகடி ரோட்டில் இருக்கும் சுமனஹள்ளி, தொழுநோயாளிகளின் மறுவாழ்வுக்காக 1970களின் இறுதியில் தொடங்கிய இடம். பிள்ளையிடம் இரக்கத்தோடு கூடவே இந்த அறிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயைப் பற்றித் தெரியாத இரக்கம் தள்ளி நின்றே கொடுக்கும்.

ஞாயிறு பள்ளிக் கதைகளில் நம்முடைய ஊர் குறைவாகவே வருகிறது என்பது ஒரு மனக்குறை. சிவாஜி நகர் புனித மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிப் போகிற குடும்பங்கள், மைசூர்ச் சீமைக் கத்தோலிக்கர் நடுவே உழைத்த அபே துபுவா பற்றிப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. 1800களின் தொடக்கத்தில் பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்குப் புதிதாக வந்தபோது, பயந்து ஓடிய மக்களிடம் பேசிப் பேசி, ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட முன்நின்ற பாதிரியார் அவர். கொரோனா காலத்தில் பெங்களூர் உயர்மறைமாவட்டத்தின் தன்னார்வலர்கள் 'மெர்சி ஏஞ்சல்ஸ்' என்ற பெயரில், உறவினர் தொட முடியாத உடல்களை மதம் பாராமல் அடக்கம் செய்ததும் நம் கண்முன் நடந்தது. அன்று பாலர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று கதை கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதில் இருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தால் மர்பி டவுன் போன்ற பகுதிகளில் அச்சு முறுக்கும் கலகலாவும் கேக்கும் தட்டில் வைத்து, மேலே துணி மூடி, அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். அழகான வழக்கம். இதில் பிள்ளைகள் ஒன்றைக் கூர்ந்து பார்க்கிறார்கள். தெரு கூட்டும் பௌரகார்மிகர் அக்காவுக்கு எந்தத் தட்டு போகிறது? பக்கத்து வீட்டுக்குப் பீங்கான் தட்டும் அவருக்கு உடைந்த துண்டுகள் போட்ட பிளாஸ்டிக் பையும் என்றால், இரவு ஜெபத்தில் என்ன சொன்னாலும் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்பது தெளிவு. வேலைக்கு வரும் அம்மாவுக்கு வீட்டில் தனி டம்ளர் இருக்கிறதா என்பதும் இதே கேள்விதான். பெங்களூர் கன்டோன்மென்டை உழைப்பால் கட்டியவர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத் தமிழர்கள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆலய பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கும்பிடுவது ஒரே ஆண்டவரை என்றாலும், கல்யாணப் பேச்சில் சாதி கேட்கும் கிறிஸ்தவ வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர்கள் கூடத்தில் அதைப் பேசும்போது பிள்ளைகள் அடுத்த அறையில்தான் இருக்கிறார்கள். இரக்கத்தைக் கற்பிக்க நினைக்கிற குடும்பம் இந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

பெங்களூர் ஓசூர் ரோட்டில் லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி பூவர் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம் நூறாண்டு கடந்தது. பிரான்சில் 1839-ல் ழான் ழுகான் என்ற எளிய பெண், குளிரில் தனியாகக் கிடந்த கண் தெரியாத கிழவியைத் தூக்கி வந்து தன் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கிய சபை அது. முதியோருக்காகக் கடை கடையாகப் போய்க் கேட்டு வாங்கி வருவது இந்தக் கன்னியரின் மரபு. இத்தகைய இல்லங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது நல்லது. கேக் வெட்டி, பாட்டிமாரோடு போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அரை மணியில் திரும்புவது பிள்ளைக்கு வேறு எதையோ கற்றுத்தரும். ஒரே பாட்டியைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது நல்லது. அடுத்த முறை போகும்போது அவருடைய பெயரும், அவருக்குப் பிடித்த பாட்டும், காது எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெறுவதும் நடக்கட்டும். பாட்டியிடமிருந்து பிள்ளை ஒரு கதையைக் கேட்டு வரட்டும்.

மத நம்பிக்கை உள்ள வீட்டில் வளர்வதாலேயே பிள்ளை இரக்கமுள்ளதாகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2015-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் ஆறு நாடுகளின் குழந்தைகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் குறைவாகவே பகிர்கிறார்கள் என்று சொன்னது. உலகெங்கும் அது செய்தியானது. நாடுகளைக் கணக்கிட்ட முறையில் பிழை இருந்தது தெரிந்து 2019-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடவும் கூடாது, ஏனென்றால் நேர்மாறானதும் அதனால் நிரூபணமாகவில்லை. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "கடவுள் நல்லவர்னா அவங்களை ஏன் ஏழையா வச்சிருக்கார்?" இதற்கு "அது அவர் சித்தம்" என்று சொல்லி வாயடைப்பது பாவம். கூலி குறைவு, வாடகை அதிகம், ஒப்பந்த வேலை, நோய் வந்தால் கடன், சாதியால் மறுக்கப்பட்ட படிப்பு என்று தெரிந்த காரணங்களைப் பிள்ளைக்குப் புரியும் அளவில் சொல்ல வேண்டும். நீதி கேட்ட தீர்க்கதரிசிகளின் புத்தகங்களும் அதே வேதாகமத்தில்தான் இருக்கின்றன. இரக்கப்படத் தெரிந்த பிள்ளைக்குக் கோபப்படவும் காரணம் தெரிய வேண்டும்.

லெந்து காலம், அல்லது கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம், இதையெல்லாம் பழக நல்ல தருணம். நாற்பது நாளும் ஐஸ்கிரீம், சிப்ஸ், ஆட்டோ என்று விட்டதன் காசு உண்டியலில் சேரும். ஈஸ்டர் அன்று அதை எண்ணிக் கவரில் போட்டு ஆலயத்தில் கொடுத்து முடிப்பது வழக்கம். அதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து, இந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். மூத்தவள் வாட்ச்மேன் மாமாவின் மகளுக்கு நோட்டுப் புத்தகம் என்பாள். சின்னவன் தெருநாய்களுக்கு என்பான். அப்பாவுக்கு வேறு எண்ணம் இருக்கும். வாக்குவாதம் வரட்டும், ஒவ்வொருவரும் காரணம் சொல்லட்டும். முடிவெடுத்தபின் பிள்ளைகளே போய்க் கொடுத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி போய் "போதுமா, வேற என்ன வேணும்?" என்று கேட்டு வரவேண்டும்.